ப்ளஃப்பிலிருந்து மக்குவாரி வரை: பறவைக்காகப் போன கப்பல் எப்படி இருந்தது

நியூசிலாந்தின் தெற்கு முனையில் இருக்கும் ப்ளஃப் துறைமுகத்தில் டிசம்பரில் கப்பல் ஏறி, ஸ்னேர்ஸ், ஆக்லாந்து தீவுகள், மக்குவாரி, கேம்ப்பெல் என்று அதற்குத் தெற்கே கடலில் கிடக்கும் தீவுகளைச் சுற்றிவிட்டு 13ஆம் நாள் அதே துறைமுகத்தில் இறங்கினேன். வெலிங்டனுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. "போகலாமா, இவ்வளவு பணம் தகுமா" என்று இதுவரை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். குறைகளும் சொல்லப் போவதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை.

முதலில் பதில். பறவை பார்ப்பதில் உண்மையான ஆசை இருந்தால், கடன் வாங்காமல் போக முடிந்தால், கட்டாயம் போங்கள். எனக்கு இரண்டு வருடச் சேமிப்பு போனது, வருத்தமே இல்லை. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 13 நாளில் நாங்கள் தரையில் கால் வைத்தது ஆறு நாள்தான், மிச்சமெல்லாம் கடல். அந்தக் கடல் நாட்களை, தீவு வரும் வரை அறையில் படுத்துக் கழிக்கவேண்டிய நேரம் என்று நினைத்தால் பாதிப் பணம் வீண். தீவில் இறங்குவது போனஸ், சம்பளம் கடலில்தான்.

கப்பல் சின்னது, பயணிகள் ஐம்பது பேருக்குள். இந்தத் தீவுகளில் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. நியூசிலாந்துத் தீவுகளுக்கு அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும், மக்குவாரி ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா மாநிலத்தைச் சேர்ந்தது என்பதால் அங்கே வேறு அனுமதி. அதையெல்லாம் நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. நம் வேலை சுத்தம் மட்டும்தான். ஒவ்வொரு தீவுக்கும் முன்னால் பூட்ஸின் அடியில் ஊசியால் மண்ணைக் கிளறி எடுக்கவேண்டும், பைகளை வாக்யூம் போடவேண்டும், மழைக்கோட்டின் ஒட்டுப்பட்டையில் ஒரு புல்விதைகூட இருக்கக்கூடாது. முதல் முறை என் கேமரா பையின் மூலையிலிருந்து வெலிங்டன் புல்விதை இரண்டு கிடைத்தன. எனக்கே திக்கென்று இருந்தது. இந்த விஷயத்தில் கப்பல்காரர்கள் காட்டிய கண்டிப்புக்கு முழு மதிப்பெண்.

பறவைகளுக்கென்றே ஒரு வழிகாட்டி இருந்தார், அறுபது வயதை ஒட்டிய அம்மா. பொழுது விடிவதற்குள் மேல்தளத்தின் இடது ஓரத்தில் வந்து நிற்பார். இரவு ஒன்பதுக்கு மேல் வெளிச்சம் போகும் வரை, சாப்பாட்டு நேரம் தவிர, அங்கேதான். இந்தப் பயணத்தின் மதிப்பில் முக்கால் பங்கு அவர்தான் என்று சொல்வேன். முதல் நாள், நீண்ட இறக்கையோடு கடல்மேல் சறுக்கும் பெரிய பறவை எதைப் பார்த்தாலும் எனக்கு "அல்பட்ராஸ்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் பெயரைச் சொல்லவே மாட்டார். "முதுகு பார்த்தீர்களா? இறக்கையின் அடிப்பக்கம்? அலகு?" என்று இந்த வரிசையில் கேட்பார். காரணம் இருக்கிறது. பறவை காற்றில் சாய்ந்து திரும்பும்போது மேல்பக்கம் இரண்டு மூன்று விநாடி தெரியும், மறுபக்கம் சாயும்போது அடிப்பக்கம் தெரியும், அதற்குள் அலைக்குப் பின்னால் மறைந்துவிடும். கண் எங்கே போகவேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தால்தான் ஏதாவது கிடைக்கும்.

பெரிய வெள்ளை அல்பட்ராஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு ராயல், வாண்டரிங் இரண்டுக்கும் இறக்கை விரிப்பு மூன்று மீட்டரை எட்டும், இரண்டும் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற அலகு. வயது கூடக்கூட ராயலுக்கு இறக்கையின் மேல்பக்க வெண்மை முன்விளிம்பிலிருந்து பின்னோக்கிப் பரவும், கோலமாவைத் தூவியது போல. வாண்டரிங்குக்கோ இறக்கையின் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டாகத் தொடங்கி அங்கிருந்து விரியும். பக்கத்தில் வந்தால் அலகைப் பாருங்கள். ராயலின் மேல் அலகின் ஓரத்தில் மையால் இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு இருக்கும். கப்பலின் பின்பக்கம் வாலாட்டம் போடும் காற்றில் நின்றுகொண்டு அந்தக் கோட்டை நானே முதன்முதலாகப் பார்த்த நிமிடம் இருக்கிறதே, அது ஐந்தாம் நாள் காலை, மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. "ராயல்" என்று கத்திவிட்டேன். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

சின்ன அல்பட்ராஸ்களை, அங்கே மாலிமாக் என்பார்கள், இறக்கையின் அடிப்பக்கம் வைத்துத்தான் பிரிக்கவேண்டும். வெள்ளைத்தொப்பி அல்பட்ராஸுக்கு அடிப்பக்கம் வெண்மை, விளிம்பில் ஒல்லியான கறுப்பு, இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் மட்டும் கட்டைவிரல் ரேகை வைத்தது போல ஒரு கறுப்புப் பொட்டு. புல்லர் அல்பட்ராஸுக்கு முன்விளிம்பில் கறுப்பு நல்ல அகலம், அலகின் மேலும் கீழும் மஞ்சள். கேம்ப்பெல் அல்பட்ராஸுக்குக் கண் தேன் நிறம். அதே சாயலில் இருக்கும் கறும்புருவ அல்பட்ராஸுக்குக் கண் கறுப்பு. ஜெயன்ட் பெட்ரல் இரண்டு வகை, பெரிய சண்டைக்காரப் பறவை, அலகின் நுனியைப் பார்த்தால் போதும்: செந்நிறம் என்றால் வடக்கு வகை, வெளிர்பச்சை என்றால் தெற்கு வகை.

ப்ரையான் என்ற சின்னக் கடற்பறவைதான் கஷ்டம். கோடியக்கரையில் கொசு உள்ளான் கூட்டத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். நீலச்சாம்பல் நிறம், முதுகில் விரித்த இறக்கை முழுக்க ஒரு கறுப்பு வளைகோடு, நூற்றுக்கணக்கில் அலையோடு அலையாகச் சறுக்கும். வால்நுனியில் கறுப்பு அகலமாக இருந்தால் ஃபேரி ப்ரையானாக இருக்கலாம், அவ்வளவுதான் தூரத்திலிருந்து சொல்ல முடியும். ஆனால் நான்காம் நாள் விடியற்காலை ஒன்று கப்பலின் தளத்திலேயே கிடந்தது. இரவில் விளக்கைப் பார்த்து வந்து மோதியிருக்கிறது. இதற்காகத்தான் பொழுது சாய்ந்ததும் எல்லா அறை ஜன்னலிலும் திரையை இழுத்து மூடச் சொல்கிறார்கள், வெளிவிளக்குகளைக் குறைக்கிறார்கள். அப்படியும் சில வந்துவிடுகின்றன. வழிகாட்டி அதை இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினார். அலகு தவளை வாய் மாதிரி அகலம், அதன் மேல் மூக்குத்துளை இரண்டும் குட்டிக் குழாய்களாக நீட்டிக்கொண்டிருந்தன, வாயோரத்தில் சீப்புப் பல் போல வரிசை. அந்தச் சீப்பால்தான் கடல்நீரை வடிகட்டிச் சின்னஞ்சிறு மிதவை உயிர்களைத் தின்கிறது. கால் நல்ல நீலம். கஸ்தூரியும் பழைய எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை, என் கையுறையில் இரண்டு நாள் இருந்தது. அகல அலகு ப்ரையான் என்று சந்தேகமில்லாமல் சொல்லக் கிடைத்தது அந்த ஒரே ஒரு பறவைதான். பகலில் விட்டால் ஸ்குவா என்ற வேட்டைக் கடற்பறவை அடித்துவிடும் என்று அட்டைப்பெட்டியில் துணி போட்டு இருட்டில் வைத்திருந்து, அன்று இரவு காற்றடிக்காத பக்கமாக விட்டார். கையை விரித்ததும் சத்தமே இல்லாமல் போய்விட்டது.

தீவுகளுக்கு வருகிறேன்.

ஸ்னேர்ஸில் யாரும் இறங்க முடியாது, ரப்பர் படகில் ஓரமாகச் சுற்றலாம். 350 ஹெக்டேர்கூட வராத தீவு. எலி, பூனை என்று மனிதன் கொண்டுவந்த ஒரு பாலூட்டிகூட இங்கே குடியேறியதில்லை. லட்சக்கணக்கான சூட்டி ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள் இங்கே மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. விடிகாலையில் அவை கடலுக்குக் கிளம்பும்போது மேகம் நகர்வது போல இருந்தது. ஸ்னேர்ஸ் பெங்குவின் உலகத்தில் வேறெங்கும் கூடு வைப்பதில்லை. அலகு முகத்தோடு சேரும் இடத்தில் ரோஸ் நிறத் தோல் தெரிந்தால் அதுதான். இங்கே அலை சரியில்லை என்றால் படகை இறக்கவே மாட்டார்கள். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. பல பயணங்களில் அதுவும் கிடைப்பதில்லை என்று தெரிந்தே போங்கள்.

ஆக்லாந்து தீவுகள் என்றதும் நகரத்தை நினைக்காதீர்கள், அது வடக்கே, இது ப்ளஃப்பிலிருந்து 465 கிலோமீட்டர் தெற்கே, ஆள் குடியிருப்பு இல்லாத இடம். அதில் எண்டர்பி என்று ஒரு சின்னத் தீவு. ஒரு நாள் முழுக்க நடக்க விட்டார்கள், சுமார் 12 கிலோமீட்டர் சுற்று. முடியாதவர்களுக்குப் பலகைப் பாதையில் போய் வரும் குறுகிய நடை. இப்படிப் பிரித்தது நல்ல ஏற்பாடு, யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. 1993இல் இங்கிருந்த மாடு, முயல், சுண்டெலி எல்லாவற்றையும் அகற்றிவிட்டார்கள், அதன் பலனைக் காலடியில் பார்க்கலாம். நான் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது நெட்டைக்காலி ஒன்று என் பூட்ஸ் மேல் ஏறி நின்றது. புல் நடுவே ஒரு உள்ளான், நம்மூர் கோரை உள்ளான் வகைதான், ஆனால் உருண்டையாக, குட்டை இறக்கையோடு, பறந்து போகவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் எதிரே நடந்து போனது. கரையோரக் கடற்பாசியில் ஆக்லாந்து தீவுக் கிளுவை, பறக்கவே தெரியாத கிளுவை. காட்டுக்குள்ளிருந்து மஞ்சள்கண் பெங்குவின் ஒன்று தனியாக இறங்கி, வழியில் எங்களைக் கண்டதும் நின்றது. நாங்கள் எல்லோரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம். அது ஐந்து நிமிடம் யோசித்துவிட்டுக் கடலுக்குப் போனது. மணற்கரையில் கடல்சிங்கங்கள் இருக்கின்றன, ஆண் சிங்கம் துரத்தும், வழிகாட்டி சொன்னபடி நில்லுங்கள், ஓடாதீர்கள்.

பெரிய ஆக்லாந்து தீவில் இன்னும் பன்றியும் பூனையும் சுண்டெலியும் உண்டு. மறுநாள் அங்கே இறங்கியபோது எண்டர்பியில் பார்த்த அந்தப் பறவை நெருக்கம் இல்லை. பக்கத்துப் பக்கத்துத் தீவுகள்தான்.

மக்குவாரிக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள். ராயல் பெங்குவின்கள், முகம் வெள்ளை, தலையில் மஞ்சள் கொண்டை, ஏழெட்டு லட்சம் ஜோடிகள், இந்தத் தீவை விட்டால் அவற்றுக்கு வேறு வீடு இல்லை. ஸாண்டி பேயில் பலகைப் பாதை ஏறி அவற்றின் குடியிருப்பு ஓரம் வரை போகலாம். நாற்றத்தைப் பற்றி யாரும் முன்னால் எச்சரிக்கவில்லை, நான் எச்சரிக்கிறேன். கீழே கடற்கரையில் கிங் பெங்குவின்கள் நம்மிடம் தாமாகவே வரும். நாம்தான் தள்ளி நிற்கவேண்டும், அவற்றுக்கு அந்த விதி கிடையாது. பழுப்பு ரோமத்தோடு ஒரு குஞ்சு என் முழங்கால் உயரத்துக்கு நின்று மழைக்கோட்டின் நாடாவை அலகால் இழுத்துப் பார்த்தது.

லூஸிடேனியா பேயில் இறங்க அனுமதி இல்லை, கப்பலிலிருந்து பார்த்தோம். கரை முழுக்கக் கிங் பெங்குவின், அவற்றின் நடுவே துருப்பிடித்த பெரிய இரும்புக் கொப்பரைகள் நின்றுகொண்டிருந்தன. பெங்குவினை அவித்து எண்ணெய் எடுத்த கொப்பரைகள். ஜோசப் ஹாட்ச் என்ற நியூசிலாந்து வியாபாரியின் ஆட்கள் முதலில் கிங் பெங்குவினை, அப்புறம் ராயல் பெங்குவினை லட்சக்கணக்கில் கொன்றார்கள். எதிர்ப்புக் கிளம்பி 1920 வாக்கில் அந்தத் தொழில் நின்றது, 1933இல் தீவு சரணாலயம் ஆனது. இப்போது அந்தக் கொப்பரையின் நிழலில் குஞ்சுகள் நிற்கின்றன. தளத்தில் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அமைதியாகிவிட்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. இந்தத் தீவில் பூனை 2000இல் ஒழிந்தது, முயல், எலி, சுண்டெலி ஒன்றும் இல்லை என்று 2014இல் அறிவித்தார்கள். முயல் மொட்டையடித்த சரிவுகளில் இப்போது மக்குவாரி முட்டைக்கோஸ் எனப்படும் அகன்ற இலைச்செடி செழித்து நிற்கிறது.

கேம்ப்பெல் தீவைக் கடைசியாக வைத்தது சரியான முடிவு. கடலில் ஒரு வாரம் ராயல் அல்பட்ராஸை விநாடிக் கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணோடு பலகைப் பாதையில் மேலே ஏறினால், அது புல்லில் உட்கார்ந்திருக்கிறது. பத்தடி தூரத்தில். முட்டையின் மேல். அலகின் கறுப்புக் கோட்டை இப்போது தொலைநோக்கி இல்லாமலே பார்க்கலாம். இமை மூடித் திறப்பது தெரிகிறது, காற்றில் முதுகு இறகு சிலிர்ப்பது தெரிகிறது. ஒரே ஒரு முட்டை, தாயும் தகப்பனும் மாறிமாறி சுமார் 11 வாரம் அடைகாக்கும், குஞ்சு பறக்க எட்டு மாதம் ஆகும், அதனால் ஒரு ஜோடி இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் முட்டையிட முடியும். இப்படி வாழும் பறவை நீளத்தூண்டில் மீன்பிடிக் கப்பலின் கொக்கியில் சிக்கிச் செத்தால் அந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்? தூண்டிலை இரவில் இறக்குவது, எடை கட்டி வேகமாக மூழ்க வைப்பது, பறவையை விரட்டும் நாடாக் கயிறு கட்டுவது, இவ்வளவு எளிய வழிகள் இருந்தும் எல்லாக் கப்பலும் செய்வதில்லை. மாலையில் இன்னும் ஜோடி சேராத இளம் அல்பட்ராஸ்கள் ஐந்தாறு கூடி, இறக்கையை முழுக்க விரித்து, வானத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக் கத்தின. சுற்றிலும் ஊதாவும் மஞ்சளுமாக ஆளின் இடுப்பு உயரப் பூச்செடிகள்.

இந்தத் தீவில் 2001இல் எலிகளை ஒழித்தார்கள், 11,000 ஹெக்டேருக்கு மேல், அதுவரை உலகில் அவ்வளவு பெரிய தீவில் யாரும் செய்யாதது. அழிந்துவிட்டது என்று நினைத்த கேம்ப்பெல் கிளுவை 1975இல் பக்கத்திலுள்ள டென்ட் என்ற பாறைத் தீவில் மிஞ்சியிருப்பது தெரிந்தது, அதைக் கூண்டில் பெருக்கி 2004 முதல் இங்கே திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். உள்ளான் கதை இன்னும் அழகு. 1997இல் ஜாக்மார்ட் என்ற இன்னொரு துண்டுத் தீவில்தான் அப்படி ஒரு பறவை இருப்பதே தெரியவந்தது. எலி போனதும் யாரும் கொண்டுவராமல் அதுவாகவே கடல் தாண்டி வந்து சேர்ந்துவிட்டது. நான் கிளுவையைப் பார்த்தேன், ஓடையோரம், பழுப்பு நிறம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். உள்ளானின் குரலை மட்டும் கேட்டேன்.

இப்போது குறைகள். முதலாவது பெரியது: கடல் நாட்களில் காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் உள்ளே உரை வைத்தார்கள். உரைகள் நல்லவைதான். ஆனால் எட்டாம் நாள் மாலை பழைய கடலோடிகளைப் பற்றிய உரைக்குப் போய்விட்டு வந்தால், மேலே இருந்தவர்கள் கப்பலின் பக்கத்திலேயே சாம்பல்முதுகு ஸ்டார்ம் பெட்ரல் என்ற குட்டிக் கடற்பறவைக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். பறவை பார்க்கும் பயணம் என்று விளம்பரம் செய்தால் உரையை இருட்டிய பிறகு வையுங்கள். அடுத்தது, கொடுத்த பறவைப் பட்டியலில் "வாண்டரிங்" என்று ஒரே வரி. ஆக்லாந்து தீவுகளில் ஒன்றான ஆடம்ஸில் கூடு வைக்கும் கிப்ஸன், ஆன்டிபோடீஸ் தீவிலுள்ள வகை, மக்குவாரியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மிஞ்சியிருக்கும் பெரிய வெள்ளை வகை, இவற்றைத் தனித்தனியாகக் குறிக்க இடமில்லை. எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும் பறவைகள் இவை, பயணிகள் எழுதும் குறிப்புக்கும் மதிப்பு உண்டு. மூன்றாவது, முன்பதிவின்போது கடலைப் பற்றிப் போதுமான எச்சரிக்கை இல்லை. என் அறைத் தோழர் நான்கு நாள் எழவே இல்லை, இவ்வளவு செலவு செய்துவிட்டு. மருத்துவரைப் பார்த்துக் காதுக்குப் பின்னால் ஒட்டும் வாந்தி மருந்தை வாங்கிக்கொண்டு போங்கள், ப்ளஃப் தாண்டும் முன்பே ஒட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. சைவம் என்று முன்பே எழுதிக் கொடுத்தால் தனியாகச் சமைக்கிறார்கள், ஒரு ஊறுகாய்ப் பாட்டில் மட்டும் கொண்டு போங்கள், முத்திரை பிரிக்காததாக, அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு. தொலைநோக்கி 8x42 எடுங்கள். என்னிடம் 10x இருந்தது, ஆடும் கப்பலில் பறவை வட்டத்துக்குள் நிற்கவே இல்லை, மூன்றாம் நாள் பக்கத்திலிருந்தவரின் எட்டுமடங்கு தொலைநோக்கியை இரவல் வாங்கிய பிறகுதான் எல்லாம் சுலபமானது. படகில் ஏறும்போது கேமராவுக்குத் தண்ணீர் புகாத பை வேண்டும். தளத்தில் நிற்க விரல் வெட்டிய கையுறை வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் ஸ்டூவர்ட் தீவு தெரியத் தொடங்கியபோது வழிகாட்டி தேநீர் குடிக்கக் கீழே போயிருந்தார். பின்பக்கம் ஒரு மாலிமாக் வந்தது, சாம்பல் தலை, சாய்ந்தபோது அடியில் அந்தக் கட்டைவிரல் பொட்டு, இறக்கை நுனியில் கறுப்பு கொஞ்சம் அதிகம். சால்வின் அல்பட்ராஸ். குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் படமும் எடுத்து வைத்தேன். அவர் வந்து படத்தைப் பார்த்துவிட்டு, பட்டியலில் சால்வினுக்கு நேரே தன் பேனாவால் டிக் போட்டார். சால்வின் பெரும்பாலும் கூடு வைப்பது நியூசிலாந்துக்குத் தென்கிழக்கே உள்ள பௌன்டி தீவுகளில், நிமிர்ந்த கொண்டைப் பெங்குவினும் அங்கேயும் ஆன்டிபோடீஸிலும்தான். இரண்டுக்கும் சேர்த்து வேறு ஒரு பயணம் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டிவிட்டேன்.